ஓவியரும் ஊதியமும்

கைத்தொழில்கள் பலவற்றுள்ளும் கண்ணுக்கு இனிமையும் கருத்திற்கு விருந்தும் ஒருங்கே அளிப்பது ஓவியத் தொழிலாகும். பண்டைநாளில் அரசரும் ஆலயங்களும் ஓவியரைப் புரந்தனர். இக்காலத்தில் அவரைப் புரப்பன பத்திரிகைகளும், நூல் வெளியிடும் நிலையங்களும், விளம்பர நிலையங்களும், வியாபாரக் கம்பெனிகளுமேயாம். சோப்பு உறையிலும், பாடப்புத்தகத்திலும், நாட்காட்டியிலும், கடைத்தெருவின் பெரும்பலகையிலும், கைப்பேசியின் சிறு திரையிலும் நாம் நாடோறும் காணும் படங்களை எழுதுவோருள் பலர், எவரிடத்தும் மாதச் சம்பளத்திற்கு அமராமல், வேலைக்கு வேலை விலை பேசித் தனித்து நின்று தொழில் நடத்துபவர். இவர்கள் தம் உழைப்பிற்குரிய பணத்தை எங்ஙனம் பெறுகின்றனர், ஏன் பலகாற் பெறாது போகின்றனர், பெறுதற்குரிய நெறி யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

கல்லூரி மலருக்கு இவ்விஷயம் ஏற்றதோ என்று ஐயுறுவார் இருத்தல் கூடும். மலரின் அட்டைக்கும் நாடகத் திரைக்கும் படம் எழுதித்தரும் மாணவருள் சிலர் நாளை இத்தொழிலிற் புகுதல் உண்டு. வேறு பலர் கம்பெனிகளிலும் அச்சகங்களிலும் அமர்ந்து, ஓவியரிடம் வேலை வாங்குவோராகவும் அவர்தம் பில்லுக்குக் கையொப்பமிடுவோராகவும் ஆவர். ஆதலின் பெறுவோர்க்கும் கொடுப்போர்க்கும் இது பயன்படும் என்று கருதுகின்றோம். யாம் கூறப்போவதன் சாரத்தை முன்னரே சொல்லிவிடுகின்றோம். ஓவியர்க்குப் பணம் வருவதும் வாராததும் பெரும்பாலும் தூரிகை எடுக்குமுன் நிகழும் பேச்சிலேயே முடிவாகிவிடுகின்றன. பின்னர் எழுதும் பில்லும், நினைவூட்டும் கடிதமும், வழக்கும் அப்பேச்சின் நிழல்களே.

முதற்கண் ஒரு சொல்லைப்பற்றிக் கூறவேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளில் எழுத்தாளர்க்கும் ஓவியர்க்கும் கொடுக்கும் தொகையைச் 'சன்மானம்' என்று வழங்குதல் மரபு. சன்மானம் என்பது மதிப்புச் செய்தல். விருப்பமுள்ளவர், விரும்பியபோது, விரும்பிய அளவிற் செய்வது அது. செய்யாவிடின் கேட்டு வாங்குதற்கு இடமில்லை. தச்சர் கூலியையும் வைத்தியர் கட்டணத்தையும் எவரும் சன்மானம் என்று சொல்வதில்லை. இச்சொல்வழக்கினாலே போலும், ஓவியர் பலர் பணத்தைப்பற்றி வாய்திறத்தல் கலைக்கு இழுக்கு என்று நாணுகின்றனர். வேலை கொடுப்போரும், "படம் போடுகிற பிள்ளைதானே, மெள்ளக் கொடுப்போம்" என்று எண்ணுகின்றனர். இன்னும் சிலர், "பணம் இல்லை, ஆனால் உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியும்" என்று சொல்லி வேலை வாங்குகின்றனர். பெயரைக் கொடுத்து அரிசி வாங்க இயலாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்னும் பழமொழி வழங்கும் நாட்டிலே, இந்நாணம் ஒன்றினாலேயே நல்ல ஓவியர் பலர் நலிகின்றனர். ஓவியர் பெறுவது விலை என்பதை இருசாராரும் உணர்தல் முதற்படியாகும்.

அங்ஙனமாயின் அவர் விற்கும் பொருள் யாது? தாளும் வண்ணமும் என்பது பொருந்தாது. செல்வர் மாளிகைக்கு ஓர் ஓவியம் எழுதிக்கொடுப்பவர் அவ்வோவியத்தையே விற்கின்றார். வணிகத்திற்குப் படம் எழுதுபவரோ, அதனைப் படிகளாகப் பெருக்கிப் பயன்படுத்தும் உரிமையை விற்கின்றார். இரவிவர்மாவின் வாழ்க்கையில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். அரண்மனைகளுக்கு அவர் எழுதிய படங்கள் அரண்மனைகளோடே நின்றன. 1894-ஆம் ஆண்டிற் பம்பாயில் அவர் நிறுவிய கல்லச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த படிகளோ நாடெங்கும் எளியோர் இல்லங்களிற் சுவரேறின. மூலப்படம் ஒன்று, அதன் பயன் பல்லாயிரம். கணினியில் வரையும் இக்கால ஓவியர்க்கோ மூலப்படம் என்று கையிற் கொடுத்தற்கே ஒன்றும் இல்லை. அவர் அனுப்புவது ஒரு கோப்பு. அதனோடு செல்வது பயன்படுத்தும் உரிமை ஒன்றே.

இவ்வுரிமையின் அருமையை மூன்று செய்திகளால் அறியலாம். ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1732-இல் வெளியிட்ட செப்புத்தகட்டுப் படத்தொடர் ஒன்றைப் பிறர் திருட்டுத்தனமாகப் பிரதி செய்து மலிவாய் விற்றனர். அவரும் பிற ஓவியரும் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பித்ததன் பயனாக 1735-இல் செதுக்கோவியர் உரிமைச் சட்டம் பிறந்தது. அடுத்த தொடரை ஹோகார்த் அச்சட்டம் நடைமுறைக்கு வந்த ஜூன் 25-ஆம் நாள் வரையில் வெளியிடாது நிறுத்திவைத்திருந்தார். 1886-இல் ஜான் எவரெட் மில்லே என்பார், தம் பேரன் சோப்புக்குமிழியை அண்ணாந்து நோக்கும் காட்சியை ஓவியமாக எழுதினார். அதனை உரிமையோடு வாங்கியவர் ஒரு பத்திரிகை அதிபர். அவரிடமிருந்து பேர்ஸ் சோப்புக் கம்பெனியார் வாங்கி, படத்தில் ஒரு சோப்புக்கட்டியையும் சேர்த்து விளம்பரமாக்கினர். உரிமை கைமாறிவிட்டமையால் ஓவியர் தடுத்தற்கு வழியில்லாது போயிற்று. 1938-இல் அமெரிக்க இளைஞரான எழுத்தாளர் ஜெரி சீகலும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும், 'சூப்பர்மேன்' என்னும் கதாபாத்திரத்தின் உரிமை முழுவதையும் 130 டாலருக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டனர். அதனாற் பிறர் ஈட்டியது கோடிக்கணக்கு. ஊரார் பேச்சு மிகுந்தபின், 1975-இலேதான் கம்பெனியார் அவ்விருவர்க்கும் ஆண்டொன்றுக்கு 20,000 டாலர் உபகாரச் சம்பளம் அளிக்க இசைந்தனர். பின்னைய இருவகையாரிடமிருந்தும் எவரும் எதனையும் களவாடவில்லை. விற்றபோது எழுதிய எழுத்தே அவர் கையைக் கட்டிற்று.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதனை ஆள்கின்றது. ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதனைப் படைத்தவரே என்பது பொதுவிதி. அதற்கு விலக்குகளும் உள. சம்பளத்திற்கு அமர்ந்தவர் தம் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளியைச் சாரும் என்பது பலரும் அறிந்தது. பலர் அறியாதது மற்றொன்று. ஒருவர் வேண்டுகோளின்மேற் பணத்திற்காக எழுதிய ஓவியம், உருவப்படம், எடுத்த நிழற்படம் முதலியவற்றில், மாறான உடன்படிக்கை இல்லாதவிடத்து, முதல் உரிமை வேண்டினவர்க்கே உரியது என்று அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு கூறுகின்றது. அமெரிக்காவிலோ 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியார் ஒருவரைக்கொண்டு எழுதுவித்த படம், எழுதிக் கையொப்பமிட்ட ஆவணமின்றி எழுதுவித்தவர்க்கு உரியதாவதில்லை. ஆகவே அந்நாட்டு ஓவியர்க்கு மௌனம் காவலாகின்றது. நம்மவர்க்கோ மௌனமே கேடாக முடியும். "இப்படத்தின் பதிப்புரிமை ஓவியர்க்கே உரியது; கீழ்க்கண்ட பயனுக்கு மாத்திரம் அனுமதி அளிக்கப்படுகின்றது" என்னும் ஒரு வரி, வேலை தொடங்குமுன் இருவரும் ஒப்பிய கடிதத்தில் இருத்தல் இந்திய ஓவியர்க்கு இன்றியமையாதது.

உரிமையையே எழுதிக்கொடுக்க நேரினும் அஞ்சவேண்டுவதில்லை. அளவறிந்து கொடுத்தல் வேண்டும். அங்ஙனம் எழுதிக்கொடுத்தல் கையொப்பமிட்ட எழுத்தாலேயே செல்லும் என்பதும், காலம் குறிக்கப்படாவிடின் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிடின் இந்தியாவிற்குள் என்றும் கொள்ளப்படும் என்பதும் அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவிற் காணப்படும். எப்பயனுக்கு, எவ்விடத்தில், எத்துணைக் காலம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதப்பட்டபின்னரே விலை பேசுதல் கூடும்.

இனி விலையைக் கணிக்கும் முறையைக் கூறுவாம். புதிதாய்த் தொழிலிற் புகுவோர், பக்கத்து ஓவியர் எவ்வளவு வாங்குகின்றார் என்று கேட்டு அதிற் சிறிது குறைத்துச் சொல்லுதல் வழக்கம். அதனினும் நன்று, தம் செலவிலிருந்து தொடங்குதல். ஓர் ஓவியர்க்குக் குடும்பச் செலவு ஆண்டிற்கு 3,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணினி, வரைபலகை, மென்பொருட் கட்டணம், மின்சாரம் முதலிய தொழிற் செலவு 1,20,000. வரிக்கும் நோய்க்கும் முதுமைக்கும் ஒதுக்குவது 60,000. மொத்தம் 5,40,000 ரூபாய். ஓய்வும் விழாவும் போக ஆண்டில் 280 நாள் உழைப்பதாகக் கொண்டாலும், வேலை தேடுதலிலும், விலை பேசுதலிலும், கடிதம் எழுதுதலிலும், கைப்பழக்கத்திலும் பாதி சென்றுவிடும். பணம் தரும் நாட்கள் 140-ஏ. ஆகவே நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,860 ரூபாய் வந்தாலன்றி அவர் குடும்பம் நடவாது. நான்கு நாட் செல்லும் படத்திற்கு 15,440 ரூபாய் என்பது அடித்தளம். மாதச் சம்பளக்காரர் ஒருவரின் ஒருநாட் கூலியோடு இதனை ஒப்பிட்டு மிகுதி என்பார், அவருடைய விடுமுறைக்கும் நோய்க்கும் முதுமைக்கும் முதலாளி கொடுப்பதை மறந்தவராவர்.

அடித்தளத்தின்மேல் எழுப்புவது பயனுக்குரிய விலை. ஓர் ஊறுகாய்க் கம்பெனியார் படம் ஒன்று வேண்டுகின்றனர் என்க. அஃது ஒரு திருவிழாத் துண்டுப்பிரசுரத்திற்காயின் அடித்தள விலையே போதும். நாடெங்கும் விற்கும் புட்டியின் முகப்பில் மூன்றாண்டு ஒட்டப்படுமாயின், அதே நான்கு நாள் உழைப்பேயாயினும் விலை பன்மடங்காதல் நியாயமே; அவர்கள் பெறும் பயன் அத்தகையது. எத்தனை மடங்கு என்பதற்கு யாவர்க்கும் ஒத்த விதி இல்லை. அமெரிக்காவில் 1967-இல் நிறுவப்பட்ட ஓவியர் சங்கம் ஒன்று, 1973 முதல் விலைகளைத் திரட்டிக் கைந்நூலாக வெளியிட்டுவருவது இக்குறையை நீக்குதற்கே. அத்தகைய பொதுநூல் இல்லாதவிடத்து ஓவியர்கள் தம்முள் ஒருவரோடொருவர் விலையை மறையாது பேசிக்கொள்ளுதலே அளவுகோலாம்.

விலை இசைந்தபின் உடன்படிக்கை. முத்திரைத்தாளும் வழக்கறிஞரும் வேண்டும் என்று மருளவேண்டா. ஒரு பக்கக் கடிதமும், "ஒப்புக்கொண்டோம்" என்னும் மறுமொழியும் பெரும்பாலும் போதும்; மின்னஞ்சலாயினும் அமையும். அதில் இருக்கவேண்டுவன இவை: வேலை கொடுப்பவரின் சட்டப்படியான பெயரும் முகவரியும், படங்களின் எண்ணும் அளவும், முன்வரைவு காட்டும் நாளும் முடிக்கும் கெடுவும், விலைக்குள் அடங்கிய திருத்தங்கள் எத்தனை, அதன்மேற் செல்லும் ஒவ்வொன்றிற்கும் எவ்வளவு என்பது, எப்பயனுக்கு அனுமதி என்பது, தொகையும் தவணைகளும், வேலையை நடுவில் நிறுத்தினாற் கொடுக்கவேண்டியது. இவற்றுள் திருத்தத்தின் எண்ணிக்கை மிக முக்கியம். "சிறிது மாற்றிக்கொடுங்கள்" என்னும் சொல்லுக்கு முடிவில்லை. இரண்டு திருத்தம் விலையில் அடங்கும் என்று எழுதிவிடின், மூன்றாவது திருத்தம் கேட்குமுன் கேட்பவர் தாமே ஒருமுறை சிந்திப்பர்.

விளம்பர நிலையங்களோடு பழகுங்கால் மற்றொன்றையும் தெளிந்துகொள்ளல் வேண்டும். பண்டத்தை விற்கும் கம்பெனி விளம்பர நிலையத்திற்கு வேலை கொடுக்கும். நிலையம் ஓவியர்க்குக் கொடுக்கும். பணமும் அவ்வழியே இறங்கிவரும். "கம்பெனியார் எங்களுக்குக் கொடுத்ததும் உங்களுக்குக் கொடுப்போம்" என்பது நிலையத்தார் வழக்கமாகச் சொல்லும் விடை. ஓவியரோடு உடன்படிக்கை செய்தவர் நிலையத்தாராயின், கம்பெனியார் கொடுத்தாலும் கொடாவிட்டாலும் கடன் அவருடையதே. இதனைத் தொடக்கத்திலேயே எழுத்தில் அமைத்துக்கொள்ளவேண்டும்.

தவணைகளைப் பற்றி ஒரு சொல். நிலம் வாங்குவோரும் மாடு வாங்குவோரும் அச்சாரம் கொடுத்தல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். படத்திற்கும் அதுவே முறை. மூன்றில் ஒரு பங்கு வேலை தொடங்குமுன், மற்றொரு பங்கு முன்வரைவை ஏற்றுக்கொண்டவுடன், எஞ்சியது முடிந்த படத்தை ஒப்படைக்கும்போது என்று பகுத்துக்கொள்ளல் நன்று. அச்சாரம் கொடுக்க மனமில்லாதவர் இறுதியிற் கொடுப்பர் என்று நம்புதற்குக் காரணம் குறைவு. முன்வரைவுகளைச் சிறிய அளவில், குறுக்கே பெயர் பொறித்து அனுப்புதலும், அச்சுக்குரிய முழுக்கோப்பை இறுதித் தவணை வந்தபின் அனுப்புதலும் காவலாம். பழகிய பெருங்கம்பெனிகள் அம்முறைக்கு இசையா. ஆண்டுக்கணக்காய் ஒழுங்காகக் கொடுத்துவருவோரிடம் அதனை வற்புறுத்தவும் வேண்டா.

"ஏற்றுக்கொண்டபின்", "வெளிவந்தபின்" என்னும் இரு சொற்றொடர்களுக்கும் இடையே ஒரு குடும்பத்தின் உணவே அடங்கியிருத்தல் உண்டு. யாம் அறிந்த இளைஞர் ஒருவர் சிறுவர் பாடநூல் ஒன்றிற்கு நாற்பது படம் எழுதினார். மூன்று மாதம் இரவும் பகலும் உழைத்தார். படங்களை வெளியீட்டாளர் மெச்சி ஏற்றுக்கொண்டனர். பணமோ நூல் வெளிவந்தபின் என்று பேச்சு. பாடத்திட்டம் மாறப்போவதாகக் கேள்விப்பட்டு அவர்கள் நூலை நிறுத்திவைத்தனர். ஓராண்டு கழிந்தது. வீட்டு வாடகைக்குக் கடன்பட்ட அவ்விளைஞர், ஒரு கிடங்கிற் கணக்கெழுதும் வேலைக்குச் சென்றார். அந்நூல் பின்னர் வெளிவந்தது, பணமும் வந்தது. அவர் மீண்டும் தூரிகை எடுக்கவில்லை. அவர் எழுதிய பறவைகளைக் கண்டவர், இழப்பு அவர்க்கு மாத்திரம் அன்று என்பதை அறிவர். நூலை எப்பொழுது வெளியிடுவது என்பது வெளியீட்டாளர் கையில் உள்ளது. அதன் இடரை ஓவியர் தலையில் ஏற்றுதல் முறையன்று. ஆதலின் "ஏற்றுக்கொண்ட 30 நாட்களுக்குள்" என்றே எழுதவேண்டும். வேலை நடுவில் நின்றால், முன்வரைவு நிலையிற் பாதியும், முடிந்த நிலையில் முழுவதும் என்றாற்போல ஒரு விதியும் இருத்தல் நலம்.

நிற்க, பில்லைப்பற்றிச் சிறிது கூறுவாம். படத்தை மெச்சுபவர் ஒருவர். பணம் கொடுப்பவர் வேறொருவர். கலை இலாகாவில் உள்ளவர் எத்துணை அன்புடையவராயினும், கணக்கு இலாகாவிற்கு முறைப்படி பில் வந்தாலன்றிப் பணம் புறப்படாது. பில்லில் எண்ணும் நாளும், கம்பெனியின் சரியான பெயரும், அவர்கள் கொடுத்த கொள்முதல் ஆணையின் எண்ணும், வேலையின் விவரமும், தொகையும், கொடுக்கவேண்டிய கடைசி நாளும், ஓவியரின் வங்கிக் கணக்கு விவரமும், பான் எண்ணும் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் பில் ஒரு மேசையில் உறங்கும், எவரும் எழுப்பார். பல கம்பெனிகள் மாதத்தில் ஒன்றிரண்டு நாட்களிலேயே பணம் அனுப்புகின்றன. அந்நாளைத் தவறவிட்ட பில் அடுத்த மாதம் வரையிற் காத்திருக்கும். ஆகவே வேலை முடிந்த அன்றே பில் அனுப்புதல், ஒரு மாதச் செலவைக் காப்பாற்றும் செயலாம்.

பில் தொகையிற் குறைவாகப் பணம் வரக்கண்டு, ஏமாற்றப்பட்டோம் என்று கலங்கும் புதியவர் உண்டு. தொழில்முறை ஊதியம் ஓராண்டிற் குறித்த எல்லையைக் கடப்பின், கம்பெனிகள் நூற்றுக்குப் பத்து வீதம் வருமான வரியைப் பிடித்து அரசாங்கத்திற் கட்டவேண்டும் என்பது சட்டம். 60,000 ரூபாய்ப் பில்லுக்கு 54,000 கைக்கு வரும். 6,000 ஓவியர் பெயரில் வரிக்கணக்கில் நிற்கும். ஆண்டிறுதியில் அவர் வரிக்கணக்குக் காட்டுங்கால், கொடுக்கவேண்டிய வரியிற் கழித்துக்கொள்ளலாம்; மிகுதியாயின் திரும்பப் பெறலாம். பான் எண் கொடாதவரிடம் நூற்றுக்கு இருபது பிடிக்கப்படும். இனி, தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைக் கடக்காத ஓவியர், ஜி. எஸ். டி. பதிவு பெறுதல் பொதுவாகக் கட்டாயமன்று. பதிவு பெறாதவர் அவ்வரியைப் பில்லிற் சேர்த்தல் கூடாது.

கெடு கடந்தும் பணம் வாராவிடின் என் செய்வது? கேளாத கடனும் பாராத பயிரும் பாழ் என்பது முதியோர் சொல். கெடுவிற்கு மறுநாளே ஒரு கடிதம் எழுதவேண்டும். சினமும் வேண்டா, கெஞ்சுதலும் வேண்டா. "ஐயா, தாங்கள் ஏப்ரல் 4-ஆம் நாள் ஏற்றுக்கொண்ட மூன்று படங்களுக்குரிய 12-ஆம் எண் பில்லின்படி ரூபாய் 48,000 மே 4-ஆம் நாள் கொடுபட வேண்டியிருந்தது. இன்றுவரை அத்தொகை எம் கணக்கில் வரவில்லை. பில்லின் படியை மீண்டும் இணைத்துள்ளோம். எந்நாளில் அனுப்பப்படும் என்பதைத் தெரிவிக்க வேண்டுகின்றோம்" என்று எழுதினால் அமையும். தம் வறுமையையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் அதில் எடுத்துரைத்தல் தகாது. உரிமையாகிய பொருளை இரப்பாகிய பொருளாக அது மாற்றிவிடும். பத்து நாட் கழித்து இரண்டாம் கடிதம் கணக்கு இலாகாவின் தலைவர்க்கு. மூன்றாவதில் கடைசி நாள் ஒன்று குறித்து, அதன்பின் சட்டப்படி நடப்பதாக அறிவித்தல் வேண்டும். அறிவித்தபின் அங்ஙனமே நடத்தலும் வேண்டும். பழைய பாக்கி தீருமுன் புதுவேலை ஏற்காமையும் ஒரு நல்ல கடிதமேயாம்.

சட்டம் எளியவர்க்குத் துணைசெய்யாது என்று பலர் கருதுகின்றனர். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் வளர்ச்சிச் சட்டத்தை அவர்கள் அறிந்திலர். தனியாய்த் தொழில் நடத்தும் ஓவியரும் 2020 முதல் நடைமுறையிலுள்ள 'உத்யம்' பதிவைக் கட்டணமின்றிப் பெற்றுக் குறுந்தொழிலர் ஆகலாம். அங்ஙனம் பதிவு பெற்றவரிடம் வேலை வாங்கியவர், உடன்படிக்கையில் நாள் குறித்திருப்பின் அந்நாளிலும், எவ்வாறாயினும் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்படாமலும், நாள் குறியாவிடின் 15 நாட்களுக்குள்ளும் பணம் கொடுத்தல் வேண்டும். ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் மறுப்புக் கூறாதவர் ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவர். தவறுவோர், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் முதலோடு சேரும் கூட்டுவட்டியாகக் கொடுத்தல் வேண்டும். வங்கி வீதம் ஆறு ஆயின் வட்டி பதினெட்டாம். மாநிலங்களில் அமைந்துள்ள வசதிப்படுத்தும் மன்றத்தில் முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை மறுத்து நீதிமன்றம் செல்ல விரும்பும் கடனாளர், தீர்ப்புத் தொகையில் நூற்றுக்கு 75 பங்கை முன்னரே கட்டவேண்டும். அன்றியும் 2024-25-ஆம் வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு சிறு தொழிலர்க்குக் குறித்த காலத்திற் கொடாத தொகையை, உள்ளபடி கொடுக்கும் வரையிற் கம்பெனிகள் தம் செலவாகக் கழித்துக்கொள்ள இயலாது. பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சிடுதலே பல சமயம் போதுமான நினைவூட்டலாகின்றது. பதிவை வேலை ஏற்குமுன்னரே பெறுதல் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

பிறநாடுகளிலும் இத்தகைய சட்டங்கள் தோன்றியுள்ளன. இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தாமதமான வணிகக் கடனுக்கு வட்டி விதித்தது. நியூயார்க் நகரில் 2017 முதல், 800 டாலரும் அதன் மேலும் பெறும் தனித்தொழிலரின் வேலைக்கு எழுத்து உடன்படிக்கை கட்டாயம். நாள் குறியாவிடின் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் பணம் கொடுத்தல் வேண்டும். உலகெங்கும் ஒரே குறை இருந்தமையாலன்றோ சட்டங்களும் ஒத்து எழுந்தன! உத்யம் பதிவு இல்லாத நம் நாட்டு ஓவியர்க்கும் நீதிமன்றத்தின் கதவு அடைபடவில்லை. செய்த வேலைக்குரிய பணத்திற்கு மூன்றாண்டிற்குள் வழக்கிடலாம் என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். அக்காலத்திற்குள் கடனாளர் கடனை எழுத்தில் ஒப்பிக் கையொப்பமிட்டால், மூன்றாண்டு புதிதாய்த் தொடங்கும். ஆகவே கடிதங்களைப் பாதுகாத்தல் படங்களைப் பாதுகாத்தலினும் குறைந்ததன்று.

இறுதியாக, வேலை கொடுக்கும் நிலையில் அமர்ந்துள்ள, அமரப்போகின்ற நம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பெருங்கம்பெனிக்கு 15,000 ரூபாய் என்பது கணக்கேட்டில் ஒரு வரி. அதனை எழுதியவர்க்கு அது வாடகையும் அரிசியும் மருந்துமாம். உங்கள் மேசையில் ஒருவாரம் உறங்கும் பில், வேறோர் இல்லத்தில் ஒருவாரம் உறக்கத்தைக் கெடுக்கின்றது. உரிய நாளிற் கையொப்பமிடுதல் ஈகையன்று. வாங்கிய பண்டத்திற்கு விலை கொடுத்தலேயாம்.

ஓவியராகப் புகும் இளைஞர்க்கு யாம் சொல்லக்கூடியதும் அதுவே. சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்? உடலும் இல்லமும் உள்ளமும் நிலைத்து நிற்கும் அச்சுவரைக் கட்டுவது ஊதியம். வண்ணங்களைக் குழைக்கக் கற்ற கையே, விலையும் நாளும் உரிமையும் குறித்து ஒரு பக்கக் கடிதம் எழுதவும் கற்றுக்கொள்ளட்டும். அடுத்த வேலைக்கு அழைப்பு வருங்கால், தூரிகையைத் தொடுமுன் அக்கடிதத்தை எழுதுக.